மடிப்பில் விழுந்த ஊர்

எங்கள் வாரியத்தில் கண்டத்தை விரிப்பது காலை பத்து மணிக்கு, மடிப்பது மாலை ஐந்துக்கு. நான்கு பேர் சேர்ந்து செய்யும் வேலை அது. அந்த நால்வரில் நான்காமவன் நான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்டப் பகுப்பு வாரியத்தின் மூன்றாம் மாடியில் ஒரு நீளமான கூடம் இருக்கிறது. நடுவே எட்டுப் பேர் படுக்கலாம் போல ஒரு மேசை. மேசைக்கடியில் தகரப் பெட்டி. பெட்டிக்குள் நான்காக மடித்து வைத்த மூலப்படம். கண்டத்தின் மலை, ஆறு, ஊர் எல்லாவற்றுக்கும் அதுதான் சாட்சி. அதில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. படத்தை விரிக்கும்போது ஆளுக்கு ஒரு மூலை பிடிக்க வேண்டும். வடமேற்கைப் பிடிப்பவர் முதல் மூலை. வடகிழக்கு இரண்டாம் மூலை, தென்மேற்கு மூன்றாம் மூலை. தென்கிழக்கு என்னுடையது. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்களிடையே எப்போதோ போய்விட்டது. பதவி உயர்வு என்றால் எங்களுக்கு அடுத்த மூலைக்கு நகர்வதுதான். பதினோரு ஆண்டுகளாக நான் ஒரே மூலையில் நிற்கிறேன்.

வாரியம் தொடங்கியபோது பெரிய அறிஞர்கள் இருந்தார்களாம். கண்டத்தை இயற்கையாக எப்படிப் பிரிக்கலாம் என்று மண்ணைப் பார்த்து, மழையைப் பார்த்து, மக்கள் பேசுவதைக் கேட்டு, பதினான்கு தொகுதிகள் எழுதினார்கள். பிரிவுக் கோடுகளைப் படத்தில் போடும் வேலை மட்டும் பாக்கி. அதற்குள் அவர்களுக்கு வயதாகிவிட்டது. பிறகு வந்த வரைவாளர் பதினான்கு தொகுதிகளையும் படிக்கிற ஆளாக இல்லை. படத்தை விரித்துப் பார்த்தார். குறுக்கே ஒரு மடிப்பு, நெடுக்கே ஒரு மடிப்பு. முன்னோர்கள் போட்ட கோடு மங்கிப்போயிருக்கிறது என்று நினைத்து, மடிப்பின் மேலேயே சிவப்பு மை தடவிவிட்டார். அன்றிலிருந்து கண்டத்துக்கு நான்கு பகுதிகள். ஒரு மலையின் முதுகு ஒரு பகுதியிலும் வயிறு இன்னொரு பகுதியிலும் போயிற்று. ஓர் ஆறு எல்லையைப் பதினேழு இடத்தில் தாண்டுகிறது.

தவறு தெரியவந்தபோது நான்கு பகுதிக்கும் நான்கு அதிகாரிகள் வந்துவிட்டார்கள். ஆகவே பதினைந்தாம் தொகுதி எழுதப்பட்டது. இந்தக் கோடுகள் எவ்வளவு இயற்கையானவை என்று அது விளக்குகிறது. வடமேற்கு மக்கள் விடியுமுன் எழுபவர்கள். வடகிழக்கு மக்கள் பாடுபவர்கள். தென்மேற்கு மக்கள் சாப்பிட்டதும் கண்ணயர்பவர்கள். தென்கிழக்கு மக்கள் பொறுமைசாலிகள், காத்திருப்பதில் வல்லவர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்றும் இதை மனப்பாடம் செய்கிறார்கள். முந்தைய பதினான்கு தொகுதிகளும் கூடத்து ஜன்னல் காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து நிற்கின்றன.

சென்ற ஆண்டின் ஒரு மாதக் கடைசியில், படத்தை மடிக்கும் நேரத்தில், இரண்டாம் மூலைக்குத் தும்மல் வந்தது. படம் ஒரு குலுங்கு குலுங்கியது. நடுவில், இரண்டு மடிப்பும் சந்திக்கிற இடத்தில், காகிதம் ஏற்கெனவே நைந்து இழையாகத்தான் இருந்தது. அங்கிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துணுக்கு பிய்ந்து, மிதந்து, என் செருப்பின் மேல் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். அதில் ஓர் ஊர் இருந்தது.

ஒரு சொட்டுப் பசை இருந்தால் அப்போதே ஒட்டியிருக்கலாம். பசையும் இருந்தது. ஆனால் மூலப்படத்திலிருந்து விழுந்த எதையும் குழுவின் தீர்மானம் இல்லாமல் திரும்ப வைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. முதல் மூலை சொன்னபடி ஒரு பழுப்பு உறையில் போட்டு, எண் கொடுத்து, ‘விழுந்தவை’ என்ற புதிய கோப்பில் வைத்தோம். எனக்கு அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போய் நன்றாகத்தான் தூங்கினேன்.

மறுமாதம் மூன்றாம் தேதி கண்ணாடிக்காரர் வந்தார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற தொழில். விரல் நுனியெல்லாம் மெல்லிய வெள்ளைத் தழும்புகள். காகிதத்தைக்கூட ஓரத்தில் இரண்டு விரலால்தான் பிடித்தார்.

"பகுதிச் சான்று வேணும் தம்பி. வீட்டம்மாவுக்கு இருதயத்துல வால்வு மாத்தணும். இருபதாம் தேதி குடுத்திருக்காங்க. இந்தச் சான்று இல்லாம உள்ள சேக்க மாட்டாங்களாம்."

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள் நான்கும் நான்கு பகுதிகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைவதானாலும் முதலில் எங்கள் காகிதம் வேண்டும். நான் ஊரைக் கேட்டேன். அவர் சொன்னார்.

"அந்த ஊரு..." என்று இழுத்தேன்.

"பஸ்ஸுல ரெண்டு மணி நேரம்தான். சாலை நல்லா இருக்கு."

சாலை நன்றாக இருக்கலாம். ஊர் எங்கள் உறைக்குள் இருந்தது. துணுக்கு விழுகிறவரை அந்த ஊர்க்காரர்களுக்கு எந்தச் சங்கடமும் கிடையாது. ஊரின் புள்ளி சரியாக நான்கு பகுதியும் சந்திக்கிற இடத்தில் இருந்ததால், எந்த வரிசை குட்டையாக இருக்கிறதோ அந்தப் பகுதியின் சான்றை வாங்கிக்கொண்டு போவார்கள். கண்ணாடிக்காரரின் அப்பா வடமேற்கு, அண்ணன் தென்மேற்கு. ஒரே வீட்டில் இருந்தவர்கள். இப்போது புள்ளியே இல்லை. மேசைக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். ஓட்டை வழியாக மேசையின் பலகை தெரிந்தது.

அவர் குனிந்து பார்த்தார். "கிழிஞ்சிருக்கு," என்றார்.

"ஆமா."

"ஒட்டினா சரியாயிடுமே."

"அதுக்கு எந்தப் பகுதியில சேர்த்து ஒட்டறதுன்னு முடிவாகணும். நாலு அதிகாரியும் உங்களைப் பாக்கணும்."

அவர் தலையாட்டினார். அந்தக் காலையில் அவர் எங்களை எவ்வளவு நம்பினார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

வடமேற்கு அதிகாரி பதினைந்தாம் தொகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு விசாரித்தார். நான் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தேன்.

"காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"நாலரைக்கு சார்."

அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. "நம்ம ஆளு. எதுக்காக எழுந்திருக்கீங்க?"

"அந்த நேரத்துலதான் அவளுக்கு மூச்சு முட்டும். நிமித்தி உக்கார வெச்சு, முதுகுக்குத் தலகாணி குடுக்கணும்."

அதிகாரி பேனாவை மூடினார். "அது எழுந்திருக்கறதுல சேராது. அது உடல்நிலை. எங்க மக்கள் காரணமே இல்லாம எழுந்திருப்பாங்க."

வடகிழக்கு அதிகாரி அவரைப் பாடச் சொன்னார். தெரியாது என்றார் கண்ணாடிக்காரர். முயற்சி செய்யுங்கள் என்றார் அதிகாரி. ஐம்பத்தைந்து வயது மனிதர், ஆஸ்பத்திரிக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, மகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டிய காலத்துப் பாட்டு ஒன்றை நான்கு வரி பாடினார். பக்கத்து அறைத் தட்டச்சு நின்றது. அதிகாரி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "குரல் பரவாயில்லை. ஆனா துக்கமா இருக்கு. எங்க பகுதியில உற்சாகமாத்தான் பாடுவாங்க. நீங்க தென்மேற்குல பாருங்க," என்றார்.

தென்மேற்கில் அவரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணயர்கிறாரா என்று பார்ப்பதாக ஏற்பாடு. பல நாளாகத் தூங்காத மனிதர். ஐந்து நிமிடத்தில் தலை தொங்கிவிட்டது. ஆனால் அந்த அதிகாரி அதற்கு முன்பே தூங்கிவிட்டார். மூன்று மணிக்கு விழித்து, "இவர் தூங்கினதுக்கு யார் சாட்சி?" என்று கேட்டார். நான் பார்த்தேன் என்றேன். நான் வேறு பகுதி, என் சாட்சி செல்லாது என்று சொல்லிவிட்டார்.

கடைசியாக என்னுடைய அதிகாரி, தென்கிழக்கு. நல்ல மனிதர் என்று பெயர். குரலை உயர்த்த மாட்டார்.

"எங்க ஆளுங்க பொறுமைசாலிங்க. நீங்க வெளிய பெஞ்சுல காத்திருங்க. கேக்காம காத்திருந்தா நீங்க தென்கிழக்கு. அவ்வளவுதான், வேற எந்தப் பரீட்சையும் இல்லை."

"சரிங்க சார். எத்தனை நாள்?"

அதிகாரி வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா, கேட்டுட்டாரு."

கண்ணாடிக்காரர் மறுநாளும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். இந்தமுறை கேட்கவில்லை. நாங்கள் பத்து மணிக்குக் கண்டத்தை விரிக்கும்போது கதவோரம் நின்று பார்ப்பார், ஐந்து மணிக்கு மடிக்கும்போது எழுந்து போவார். ஒருநாள் என்னிடம், "தம்பி, மடிச்ச இடத்துலயே தெனமும் மடிக்காதீங்க. கண்ணாடியில கீறல் போட்ட மாதிரி, அங்கதான் ரெண்டாப் போகும்," என்றார். நான் முதல் மூலையிடம் சொன்னேன். "வேற எங்க மடிக்கறது? கோடு அங்கதானே இருக்கு?" என்றார் முதல் மூலை.

பன்னிரண்டாம் தேதி அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நோயாளியை நேரில் பார்க்க வேண்டும் என்று கோப்பில் யாரோ எழுதியிருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை, எழுத்து என்னுடையது போலவும் இருந்தது. மூன்று மாடி. ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்திலும் அந்த அம்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். உதட்டில் நீலம் பூத்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவது புடவைக்கு மேலேயே தெரிந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்கு விதி எதுவும் குறுக்கே வரவில்லை.

முதல் மூலை அந்த அம்மாவின் காகிதங்களைப் புரட்டிவிட்டுத் துள்ளிக் குதித்தார். "அம்மா, நீங்க பொறந்த ஊரு வடகிழக்கு! சந்தேகமே இல்ல, பெரிய புள்ளி."

"அப்ப குடுத்துடுவீங்களா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன் பகுதிதான் மனைவிக்கும். அதனால..." முதல் மூலை குரலைத் தாழ்த்தினார். உதவி செய்கிற ஆசை அவருக்கு நிஜமாகவே இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் எழுத்து மூலமா விலகிட்டீங்கன்னா, ரெண்டே நாள்ல சான்று. ஆபரேஷன் முடிஞ்சதும் திரும்பச் சேர்ந்துக்கலாம். அதுக்கு ஒரு படிவம் இருக்கு."

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் சரி என்று சொல்லத் தயாராக இருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த அம்மா மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பேசினார். "முப்பத்தோரு வருஷம் இவரோட குப்பை கொட்டியாச்சு. இப்ப இவரை விட்டுட்டு அந்த வால்வை வாங்கி, அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, உங்க ஊருப் படத்துல எங்க ஊரு இல்லன்னா போகட்டும். நான் இங்க உக்காந்திருக்கேனே, அது தெரியுதா?" என்றார்.

தெரிகிறது என்று சொன்னேன். அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று மட்டும் தெரியவில்லை.

அன்று மாலை வீட்டில் என் மகள் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, "தென்கிழக்கு மக்கள் பொறுமைசாலிகள், காத்திருப்பதில் வல்லவர்கள்" என்று ராகம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் தட்டில் சோற்றைப் போட்டபடியே கேட்டாள்.

"சான்றுல கடைசியா சீல் வெக்கறது யாரு?"

"அந்தந்த மூலைக்காரங்க."

"அப்ப தென்கிழக்கு சீல்?"

"என் டிராயர்ல இருக்கு."

அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டாள். "வெச்சு அனுப்ப வேண்டியதுதானே? பழைய சான்றையெல்லாம் யாராவது எடுத்துப் பாக்கறாங்களா?"

"பாக்கறதில்ல."

"அப்புறம் என்ன?"

அடுத்த வருடம் முதல் மூலை ஓய்வு பெறுகிறார், எல்லோரும் ஒரு மூலை நகர்வோம், இந்த நேரத்தில் என் மேல் ஒரு கறுப்புப் புள்ளி வேண்டாம் என்றேன். சோறு ஆறிப்போயிற்று.

மறுநாள் நான் முத்திரையை எடுக்கத்தான் செய்தேன். மையில் ஒற்றினேன். படிவத்தில் அந்த அம்மாவின் பெயரும் வயதும் எழுதியாகிவிட்டது. இரண்டாம் மூலை மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்தார். பார்த்தது என்னையா, எனக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நான் முத்திரையை ஒரு வெற்றுத்தாளில் குத்திப் பார்த்து, மை சரியாக இருக்கிறது என்பதுபோல் தலையாட்டிவிட்டு உள்ளே வைத்துவிட்டேன். நான் கோழை. இதை எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

பதினாறாம் தேதி வாரியத் தலைவர் கூட்டம் கூட்டினார். துணுக்கு விழுந்ததைவிட, இன்னும் எத்தனை ஊர் விழுமோ என்பதுதான் அவருடைய கவலை. கூட்டத்தில் அவர் பேசியதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

"முப்பது வருஷமா இந்தக் கண்டத்தைக் கண்ணும் கருத்துமாப் பாத்துக்கிட்டிருக்கேன். ஒருநாள்கூட இந்த மாடியை விட்டு வெளிய போய்ப் பாத்ததில்லை. போனா என்ன தெரியும்? வெறும் நிலம்தான் தெரியும். எது எந்தப் பகுதின்னு நிலத்துக்கே தெரியாது. நாம சொன்னாத்தான் மக்களுக்குத் தாங்க யாருன்னு தெரியுது. நாளைக்கு இந்தக் கோடு இல்லைன்னா, காலையில எழுந்திருக்கறதா, பாடறதா, தூங்கறதான்னு பாவம் அவங்க தவிச்சுப் போயிடுவாங்க. அதனால படத்துக்குக் கண்ணாடி போட்டுடுவோம்."

கண்ணாடி என்றதும் நாங்கள் நால்வரும் வெலவெலத்துப் போனோம். படத்தை விரிக்கவும் மடிக்கவும் வேண்டாம் என்றால் மூலைகள் எதற்கு? முதல் மூலைக்குக் கண் கலங்கியது. தலைவர் எங்களைக் கைவிடவில்லை. கண்ணாடிக்கு மேல் ஒரு துணி போர்த்தலாம், காலையில் எடுத்து மாலையில் போர்த்த வேண்டும், துணிக்கும் நான்கு மூலை உண்டு என்றார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன்.

"நல்ல கண்ணாடிக்காரர் யாராவது தெரியுமா?" என்று தலைவர் கேட்டார். கதவுக்கு வெளியே பெஞ்சில் பதின்மூன்று நாளாக ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். அவர் மேசையை அளந்தார். "ஒரே கண்ணாடியாப் போட்டுடலாம் சார். கனமானதா இருந்தா நூறு வருஷம் தாங்கும்."

"ஒரே கண்ணாடியா? கண்டம் பிரிஞ்சிருக்கறதே தெரியாதே. பகுதிக்கு ஒண்ணா நாலு போடுங்க."

"நாலு போட்டா, நாலோட முனையும் நடுவுல ஒரே எடத்துல வந்து நிக்கும். முனைதான் சார் முதல்ல முறியும். அதுவும் அந்த எடத்துல கீழ ஓட்டை வேற."

"அது நிர்வாக முடிவு."

கண்ணாடிக்காரர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டார். பிறகு, "போட்டுடறேன் சார். கூலி ஒண்ணும் வேண்டாம். மூடறதுக்கு முன்னாடி எங்க ஊரை எடுத்த எடத்துல வெச்சுடுங்க. அது போதும்," என்றார்.

தலைவர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "கண்டிப்பா. அதுக்குத்தானே இவ்வளவும்."

பதினெட்டாம் தேதி நான்கு கண்ணாடியும் வந்து இறங்கின. விளிம்பெல்லாம் கையை அறுக்காதபடி தேய்த்து மழுக்கியிருந்தார். அவர் மனைவி வெளிப் பெஞ்சில் பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் ஆஸ்பத்திரிக்கான மாற்றுத் துணி, தம்ளர், துண்டு. சான்று கைக்கு வந்ததும் நேரே போய்ச் சேர்ந்துவிடுவதாக ஏற்பாடு.

நான்கு அதிகாரிகள், தலைவர், நாங்கள் நால்வர் எல்லோரும் சுற்றி நிற்க, நான் ‘விழுந்தவை’ கோப்பிலிருந்து உறையை எடுத்து வந்தேன். பதினைந்து நாளில் அந்த உறை போகாத அறை இல்லை. ஒவ்வொரு அறையிலும் வந்ததற்கு ஒரு முத்திரை, போனதற்கு ஒரு முத்திரை. உறையின் மேல் இடமே பாக்கி இல்லை. எங்கள் அலுவலகத்தில் முத்திரையை வைக்க மாட்டார்கள், ஓங்கிக் குத்துவார்கள். அறுபது ஆண்டுப் பழைய காகிதம், முறுகிய அப்பளம் போல.

தலைவர் உறையைக் கத்தியால் பிரித்து வெள்ளைத் தட்டில் கவிழ்த்தார். கொஞ்சம் பழுப்புப் பொடி விழுந்தது. அவ்வளவுதான்.

யாரும் மூச்சு விடவில்லை. தும்மல்காரர் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஊரு எங்க சார்?" என்றார் கண்ணாடிக்காரர்.

"இருக்கு," என்றார் தலைவர். "ஒண்ணும் தொலையல. எடை போட்டா அதே எடைதான் இருக்கும். நிலைதான் கொஞ்சம் மாறியிருக்கு."

"அவளுக்கு நாளன்னிக்கு ஆபரேஷன்."

"புரியுது. இனிமே இது கிழிஞ்ச ஊரு இல்ல, இல்லாத ஊரு. இல்லாத ஊருக்குத் தனி நடைமுறை. புதுசா அளந்து, புதுசாப் புள்ளி போடணும். ஆறு மாசத்துல முடிச்சுடலாம். நீங்க மனு குடுங்க."

நான் கண்ணாடிக்காரர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையோரம் வடமேற்குக் கண்ணாடியைப் பிடித்திருந்தார். அதைத் தூக்கிப் போட்டு உடைத்திருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அவர் உடைக்கவில்லை. வாக்குக் கொடுத்த வேலை என்று நினைத்தாரோ என்னவோ, நான்கையும் ஒவ்வொன்றாகப் பொருத்தி, ஈரத்துணியால் துடைத்து, வெளியே போய் மனைவியின் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. படியில் இறங்கும்போதும் ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவைத் தாண்ட அவர்களுக்கு வெகுநேரம் ஆயிற்று.

இருபதாம் தேதி எங்கள் துணியை முதல்முதலாக விலக்கினோம். சின்ன விழா.

ஏழு வாரம் கழித்து ஆஸ்பத்திரிகளின் மாதப் பட்டியல் எங்களுக்கு வந்தது. எந்தப் பகுதியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மூலைக்காரர்கள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இறந்தவருக்குச் சான்று கேட்பதில்லை. எந்த ஆஸ்பத்திரியின் வாசலில் உயிர் போகிறதோ அந்தப் பகுதி. என் பட்டியலில் பதினொன்றாவது பெயர் அந்த அம்மாவுடையது. மூச்சுத்திணறலோடு கொண்டுவந்திருக்கிறார்கள், வாசலிலேயே முடிந்துவிட்டது. நான் பெயரை எழுதினேன், வயதை எழுதினேன், பகுதி என்ற இடத்தில் தென்கிழக்கு என்று எழுதினேன். டிராயரைத் திறந்து முத்திரையை எடுத்துக் குத்தினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் படத்தின் நடுவில் கண்ணாடி முறிந்தது. யாரும் எதையும் போடவில்லை. கண்ணாடிக்காரர் சொன்னதுபோல முனையில் தொடங்கி, வடமேற்கைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு ஓடியிருந்தது. தலைவர் அவரையே வரச்சொல்லி ஆளனுப்பினார். கூலி தருவதாகவும் சொல்லச் சொன்னார். வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். ஒரே கண்ணாடி, கனமானது. இந்த முறை தலைவர் மறுக்கவில்லை, அன்றைக்கு அவர் விடுப்பில் இருந்தார்.

மூன்று மூலைக்காரர்களும் தேநீருக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும். அவர் பழைய கண்ணாடித் துண்டுகளை எடுத்துச் சாக்கில் கட்டினார். படத்தின் ஓட்டையைச் சுற்றிச் சிதறியிருந்த பொடிச் சில்லுகளை விரலில் எச்சில் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தார். அப்படியே குனிந்தபடி கேட்டார்.

"அவளை எதுல எழுதினீங்க தம்பி?"

"தென்கிழக்குல."

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டு நிமிஷம்," என்றேன்.

அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சுவரில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். ஒற்றை ஆளால் முடியாத கனம்.

"அந்த மூலையைப் பிடிங்க," என்றார்.

பிடித்தேன்.